என் காலில் பச்சை ஈயின் பிள்ளைகள்

மார்ச் 4
நான் சொல்கிறேன், மருமகள் எழுதுகிறாள். எனக்குக் கையெழுத்துகூட வராது. பாதத்தில் சர்க்கரைப் புண் கறுத்துவிட்டது. பாதத்தை எடுக்கவேண்டி வரலாம் என்கிறார் டாக்டரம்மா. அதற்குமுன் ஒரு வழி பார்க்கலாமாம். புண்ணில் புழு விடுவது!

கறிக்கடையில் காலமெல்லாம் ஈ விரட்டியவன் நான். "ஈயா? என் கால்லயா?" என்றேன்.

"ஈ இல்ல ஐயா, அதோட குஞ்சு. சுத்தமா வளர்த்தது."

ஈக்குக் குஞ்சாம்!

மார்ச் 6
ஆஸ்பத்திரியில் புழு விட்டுவிட்டார்கள்! குருணை அளவுகூட இல்லை. மேலே வலைத்துணி. பச்சை ஈயின் புழுவாம். எனக்குத் தெரியாததா? கடைக்குப் பின்னால் எலும்பு கொட்டினால் நாய்க்கு முன்னால் அதுதான் ஆஜர். வெள்ளத்தில் செத்த எருமை ஒன்று கரை ஒதுங்கியது. சில நாளில் வெறும் தோலும் எலும்பும். அதுகள் இல்லாவிட்டால் ஊரே நாறியிருக்கும். அன்று காறித் துப்பினேன். இன்று வாங்க, சாப்பிடுங்க என்கிறேன்.

மார்ச் 7
எல்லாம் செத்துவிட்டன. படுக்கையில் ஊரும் என்று பயந்து, நான் மதியம் கண்ணயர்ந்தபோது என் வீட்டுக்காரி கால்கட்டின்மேல் பிளாஸ்டிக் பையை மாட்டி இறுக்கிவிட்டாள்.

"அம்மா, அதுங்க தலைய உள்ள விட்டுச் சாப்பிடும். மூச்சு விடுறது பின்பக்கத்தால," என்றார் டாக்டரம்மா.

"பின்பக்கத்தாலயா? கருமம்!" என்றவள், அப்புறம் அழுதாள்.

இன்னும் ஒரே தடவைதான். அதற்கும் புண் கேட்கவில்லை என்றால் பாதத்துக்குக் கத்திதான்.

பயமா இருக்கு. அட, இதை எதுக்கும்மா எழுதுற!

மார்ச் 9
புதுப் புழு. என் வீட்டுக்காரி விசிறியோடு காவல். "காத்து வருதா?" என்கிறாள். என்னை இல்லை, அதுகளை!

மார்ச் 10
புண் ஓரமெல்லாம் குறுகுறுக்கிறது! அதுகளுக்குப் பல்லே கிடையாதாம். எச்சிலை விட்டுச் செத்த சதையைக் கரைத்து உறிஞ்சுமாம், உயிருள்ளதை விட்டுவிடுமாம். என் கத்திக்கு இந்த நுணுக்கம் வந்ததே இல்லை.

மார்ச் 12
கட்டைத் திறந்தார்கள். புழுக்கள் சோற்றுப் பருக்கைபோலக் கொழுத்திருந்தன. அடியில் சிவப்பு! ரத்தம் கசியும் நல்ல சிவப்பு. எத்தனை ஆடு பார்த்தவன், எனக்குத் தெரியாதா? கத்திவிட்டேன்.

"ஐயா, மெதுவா! பக்கத்து அறையில ஆபரேஷன் நடக்குது!"

டாக்டரம்மா குரலும் ஒன்றும் மெதுவாக இல்லை.

மே 21
வீடு துடைத்த ஈரம் காயவில்லையாம், அதற்குள் நடந்துவிட்டேனாம். "பாருங்க, வலது கால், இடது கால்னு வாசல்வரைக்கும் முத்திரை குத்தி வெச்சிருக்கீங்க!" என்று என் வீட்டுக்காரி திட்டுகிறாள்.

மறுபடியும் நடந்தேன்.