கூட்டின் ஓட்டைகளை அடைத்த குற்றம்

அன்பு மச்சான்,

நீர் போய் எட்டு மாதமாகிறது. எங்கட டென்மார்க் ஊர் கிரின்ஸ்டெட்டில் இந்தத் தை மாதம் குளிர் மைனஸ் பன்னிரண்டு பாகை வரை இறங்கியது. முதலில் நல்ல செய்தி: உம்முடைய ஏழு கோழிகளும் அந்தத் திமிர் பிடித்த சேவலும் உயிரோடு இருக்கின்றன. அடுத்ததைக் கேட்டால் ஏசுவீர். ஏசும், எனக்கு வேண்டியதுதான்.

நீர் போனபிறகு என் தங்கச்சி, அதுதான் உம்முடைய மனுசி, கோழிக்கூட்டுப் பக்கமே போகவில்லை. வேலை முடிந்து நான்தான் காரில் வந்து தீன் போட்டேன். மார்கழியில் ஒருநாள் சொன்னாள்: "அண்ணை, இந்தக் குளிரில ஒண்டு செத்தாலும் மிச்சத்தைப் பக்கத்து வீட்டு டேனிஷ்காரனிட்டைக் குடுத்திடுவன். இன்னொரு சாவை என்னாலை பாக்கேலாது."

ஒன்றையும் சாகவிடுவதில்லை என்று முடிவெடுத்தேன்.

கூரைக்குக் கீழே நீர் வரிசையாகத் துளைத்த ஓட்டைகள் இருக்கின்றனவே, குளிர் நாட்டில் கூட்டுக்கு ஓட்டை போட்ட ஒரே மனுசன் என்று எத்தனை தரம் உம்மை நக்கலடித்திருப்பேன்! எங்கட ஆட்களைத் தெரியும்தானே, காதுக்குள் பனி போகும் என்று கோடையிலும் மப்ளர் கட்டுகிற கூட்டம். நானும் பழைய மப்ளர்கள், கம்பளித் தொப்பிகள் எல்லாவற்றையும் ஒவ்வொரு ஓட்டையிலும் திணித்தேன். பெரிய கெட்டிக்காரன் என்ற நினைப்போடு வீட்டுக்குப் போனேன்.

நாலாம் நாள் காலை கதவைத் திறந்தால் கூரையின் உட்புறமெல்லாம் தண்ணீர் சொட்டுகிறது. வைக்கோல் நனைந்து, எச்ச நெடி கண்ணைக் கரித்தது. சேவலின் கொண்டை நுனி ஈரத்தில் குளிர் கடித்துக் கறுத்திருந்தது. வேறு வழியில்லாமல் தங்கச்சியைக் கூப்பிட்டேன்.

உம்முடைய ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு வந்தாள். ஒரு பார்வைதான். "அண்ணை, இதென்ன விசர் வேலை! அதுகள் விடுற மூச்சின்ரை ஈரம் வெளியில போகத்தானே அவர் மேல ஓட்டை வச்சவர்? குளிரை அதுகள் செட்டையை உப்பித் தாங்கும். ஈரத்தைத் தாங்காது."

"உனக்கு உதெல்லாம் எப்பிடித் தெரியும்?"

"பதினைஞ்சு வருசமாச் சாப்பாட்டு மேசையில அவர் வேற என்னத்தைக் கதைச்சவர்?"

கதிரையில் ஏறி நின்று, என்னை ஏசி ஏசி ஒவ்வொரு மப்ளராக இழுத்தெறிந்தாள். இருவருமாகக் காய்ந்த வைக்கோல் பரப்பி, சேவலின் கொண்டைக்கு வாஸ்லின் களிம்பு பூசினோம். மறுநாள் இன்னும் குளிர், ஆனால் கூடு உலர்ந்திருந்தது. அகலப் பலகையில் கோழிகள் தங்கள் கால்களை வயிற்று இறகுகளால் மூடிக் குந்தியிருந்தன. மச்சான், அன்றைக்குத்தான் அவள் அழாமல் உம்மைப் பற்றிக் கதைத்தாள்.

சனிக்கிழமை அந்த டேனிஷ்காரர் கோழிகளைக் கேட்டு வந்தார். அவற்றைத் தரமுடியாது என்று டேனிஷில் சொல்லி, கோப்பி கொடுத்து அனுப்பிவிட்டாள். பிறகு என்னிடம், "இதுகளும் போனா நான் ஆரோடை கோவிக்கிறது?" என்றாள். அந்த இடத்தில் உம்மை நினைத்து நான் அழுதுவிட்டேன், சொல்ல வெட்கமில்லை.

ஒரு வாக்குத் தருகிறேன். கூட்டுக்கு ஹீட்டர் வைக்கமாட்டேன், காற்றையும் மறிக்கமாட்டேன். காலையில் உறைந்த தண்ணீரை மாற்றும் வேலையையும் இனி நான் செய்யமாட்டேன். அதற்குத் தங்கச்சியே சுடுதண்ணீரோடு வெளியே வருகிறாள்.

உம்முடைய மனுசியின் தமையன்,
உம்மிடம் ஏச்சு வாங்கக் காத்திருக்கும் மச்சான் யோகன்