எண்பத்தைந்து மூட்டை

மே 9, வியாழன்

மும்பை செம்பூரில் நான் சோதித்த அடுக்குமாடிக் குடியிருப்பு சொசைட்டியின் செயலாளர் பிரபாவதி மேடம் போன் செய்தார். நான் அனுப்பிய நாற்பது பக்க ரிப்போர்ட்டை யாரும் படிக்கவில்லையாம். "ஞாயித்துக்கிழமை நீங்களே வந்து சொல்லுங்க. முப்பத்திரண்டு வீடு இருக்கு. இங்கிலீஷ் வேண்டாம்." பழைய கட்டடங்களின் பலத்தைச் சோதிக்கும் வேலைக்கு வந்து ஆறு வருஷம் ஆகிறது. எழுதத் தெரியும். பேச?

மே 12, ஞாயிறு

ஸ்லைடுகளைத் திறக்கவே இல்லை. கீழே பார்க்கிங்கில் நாற்காலி போட்டிருந்தார்கள். சாக்பீஸால் தரையில் ஒரு தூண் வரைந்தேன். "இது மேல நூறு அரிசி மூட்டை இருக்குன்னு வைங்க. இந்தத் தூண் நூத்தியறுபது மூட்டை தாங்கும். கெட்டிருக்கது வெளிப்பூச்சுதான். யாரும் வீட்டைக் காலி பண்ண வேண்டாம்." ஹிந்தியிலும் அதையே சொன்னேன்.

அத்தனை பேரும் ஒன்றாக நாற்காலியில் பின்னால் சாய்ந்தார்கள். அதுவரை மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள்! ஒரு வாக்கியம் இத்தனை தோள்களை இறக்குமா? தாராவி வந்து சேரும்வரை பஸ்ஸில் உடம்பு சிலிர்த்தபடியே இருந்தது.

மே 15

இனி எல்லா சொசைட்டி மீட்டிங்கிலும் நான்தான் பேச வேண்டுமாம். கம்பெனி முதலாளி நகுல் சார் சொல்லிவிட்டார்.

மே 21, செவ்வாய்

எழுதக் கை வரவில்லை.

ரிப்பேர் வரைபடத்துக்காக லேப் தாள்களைத் திரும்ப எடுத்தேன். கட்டடத்தின் பழைய தூண்களுக்கு ஒன்றிலிருந்து எண். பத்து வருஷம் முன்பு சேர்த்த லிஃப்ட் பகுதியின் தூண்களுக்கும் ஒன்றிலிருந்துதான் எண். நான்காம் தூணுக்கு நான் பார்த்து எழுதியது லிஃப்ட் தாளை. பழைய நான்காம் தூண் தாங்கக்கூடியது எண்பத்தைந்து மூட்டை. மூன்று தடவை கணக்குப் போட்டேன் — எண்பத்தைந்துதான். மேலே இருப்பது நூறு.

என்னையே வைதுகொண்டேன்: ஏட்டி பேராச்சி, என்ன காரியம் பண்ணி வச்சிருக்க! அவ்வளவு பேரும் நிம்மதியா படுத்திருப்பாங்களே. நீ சொன்னதுனாலதான?

மே 22, புதன்

காலையில் முதல் வேலையாக நகுல் சாரிடம் காட்டினேன். முகம் வெளுத்துவிட்டது. "காலி பண்ணச் சொல்லணும். இன்னிக்கே எழுது" என்றார். அதில் அவர் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. பிறகு மெதுவாக, "'கூடுதல் தகவல்களின்படி மறுமதிப்பீடு'ன்னு போட்டுக்கோம்மா. 'தப்பு'ங்கற வார்த்தை வேண்டாம். கம்பெனியை இழுத்து மூடிடுவா."

அப்படியே எழுதினேன். திரும்பப் படித்தால் எனக்கே அதில் தூண் தெரியவில்லை. இதை நம்பி யார் பாத்திரம் பண்டத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்புவார்கள்?

திரும்ப உள்ளே போனேன். "சார், நான் தாள் மாத்தி எடுத்துட்டேன்னு சொன்னாத்தான் முதல்ல சொன்னதை விடுவாங்க. இல்லன்னா ரெண்டுல எது பிடிச்சிருக்கோ அதை நம்புவாங்க."

மேஜை போனை என் பக்கம் தள்ளினார். "இன்னிக்கு சாயங்காலமே மீட்டிங் கூப்பிடு. நானும் வரேன்."

மே 23

நேற்று மாலை. அதே பார்க்கிங், அதே நாற்காலிகள்.

"பன்னிரண்டாம் தேதி நான் சொன்னது தப்பு" என்றுதான் ஆரம்பித்தேன். இரண்டு தாள்களையும் தூக்கிக் காட்டினேன். எதை எடுத்திருக்க வேண்டும், எதை எடுத்தேன், எண்பத்தைந்து, நூறு. ஒரே கூச்சல். கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டத் துடிக்கும் பில்டரின் ஆள் என்று ஒருவர் கத்தினார். "பாகல் ஹை க்யா?" என்றது ஒரு குரல், பைத்தியமா என்று. நகுல் சார் என் பக்கத்தில் வந்து நின்றார்.

பிரபாவதி மேடம் கையை உயர்த்தினார். நான்காம் தூணை ஒட்டித்தான் அவர் வீடும் இருக்கிறது. "அப்ப எப்படி இன்னும் நிக்குது?"

"பக்கத்துத் தூணுங்க அதோட பாரத்தையும் சேர்த்து சுமக்குது. இன்னும் எத்தனை நாளைக்குன்னு தெரியாது மேடம்."

"உங்களுக்கே தெரியாதா?"

"தெரியாது. நாலாம் தூண் பக்கத்து அஞ்சு வீடு இன்னைக்கே போகணும். மத்தவங்க மழைக்கு முன்னால."

கூச்சல் நின்றுவிட்டது. நான் கணக்குச் சொன்னபோது நிற்காதது, தெரியாது என்றதும் நின்றது. ஏன்? இன்னும் புரியவில்லை.

மேடம் எழுந்து புடவைத் தலைப்பை இடுப்பில் செருகினார். "பாத்திரம் கட்ட எவ்வளவு நேரம் இருக்கு?"

அவ்வளவுதான் கேட்டார். அவர் படியேறியதும் பின்னாலேயே மற்ற நான்கு வீட்டுக்காரர்களும் ஏறினார்கள். கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. தாள்களைப் பிடித்தபடி அப்படியே நின்றேன்.

ஜூன் 1

கடைசி டெம்போ இன்று போனது. பாண்டுப்பில் சிலர், தாணேயில் சிலர். முப்பத்திரண்டு பூட்டு.

ஜூன் 6, வியாழன்

காண்ட்ராக்டர் முகம்மது ஹனீப் அண்ணன் இரும்பு முட்டுகளை நிறுத்திவிட்டு, நான்காம் தூணின் பூச்சை உடைக்கச் சொன்னார். உள்ளே இருந்த கம்பியை விரலால் தொட்டார். மரப்பட்டைபோல உதிர்ந்தது. அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"இதுவாம்மா இத்தன பேரைத் தூக்கிட்டு நின்னுச்சு?"

நானும் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். சில்லென்று இருந்தது. படித்த கணக்கெல்லாம் ஒரு பக்கம். இது எதை நம்பி நின்றது?

ஜூன் 9, ஞாயிறு

மழை வந்துவிட்டது. சாயங்காலம் சும்மா செம்பூர் போனேன். எதிர் மருந்துக்கடை வாசலில் ஒதுங்கி நின்றேன். ஐந்து மாடியிலும் ஒரு விளக்குகூட எரியவில்லை. கொடிகளில் துணி இல்லை. சுவரெல்லாம் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. இவ்வளவு அழகான காலிக் கட்டடத்தை நான் பார்த்ததே இல்லை.