ஐ விஷ் ஐ ஹேட் செட் யெஸ்

12-7-1996, வெள்ளி

எழுத உட்கார்ந்தால் சிரிப்பு சிரிப்பாக வருகிறது.

மாலை ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில், நிறைவேறாத ஆசையையும் வருத்தத்தையும் எப்படிச் சொல்வது என்று சார் நடத்தினார். ஆளுக்கொரு வாக்கியம் சொல்லச் சொன்னார். என் முறை வந்ததும் யோசிக்காமல், "ஐ விஷ் ஐ செட் யெஸ்" என்றுவிட்டேன்.

"முடிஞ்சுபோனதுக்கு வருத்தப்பட்டா 'ஹேட் செட்'னு வரணும்மா" என்று சார் திருத்தினார்.

சரியாகத் திருப்பிச் சொன்னபோதுதான் பின்வரிசையில் சேவியர் இருப்பது உறைத்தது. போன வருடம் என்னைப் பெண் பார்க்க வந்தவர். பி.எட். படிக்க விடமாட்டார்களோ என்று பயந்து மாட்டேன் என்றிருந்தேன். இந்த வகுப்பில் ஒரு மாதமாக ஒன்றாகப் படித்தும் நாங்கள் பேசிக்கொண்டதில்லை.

சேவியர் எழுந்தார். "சார், அது இன்னும் முடிஞ்சுபோகலைன்னா எப்படிச் சொல்றது?"

"அப்ப விஷ் எதுக்கு? ஐ ஹோப்னு சொல்லுங்க."

கோட்டையூர் பஸ்ஸுக்கு நின்றபோது பக்கத்தில் வந்து, "யாருக்கு யெஸ் சொல்லியிருக்கணும்னு நினைச்சீக?" என்று கேட்டார்.

"உங்களுக்குத்தான். ஆனா பி.எட். முடிப்பேன், வேலைக்கும் போவேன்."

"யாரு வேணாங்குறா? ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு அம்மாவைக் கூட்டிட்டு வரவா?"

பஸ் வந்துவிட்டது. வாங்க என்று சொல்லிவிட்டு ஏறினேன்.

அம்மாவிடம் சொன்னேன். "போன வருசம் வேணாம்னு அம்புட்டு அழுதியேடி!" என்று அவளும் சிரித்தாள். அப்பாவிடம் காலையில் அவளே பேசுகிறாளாம். நடுவில் சனிக்கிழமை ஒன்று முழுதாகக் கிடக்கிறது.