ஒரு கிண்ணம் கோழி சூப்

மிசிசிப்பி, ஞாயிறு, சர்ச்சுக்குப் போய் வந்த பிறகு

என் கண்ணே,

அந்தச் சனிக்கிழமை காலை நம் வீட்டில் இருந்தவர்கள் நான்கு பேர்: நான், உன் மாமா வென்டெல், உன்னைக் கல்லூரிக் கூடைப்பந்து அணிக்குக் கேட்டு வந்த கோச் ஹோலிஸ், காய்ச்சலில் கட்டிலை விட்டு எழாத நீ. நான் எதையும் மறக்கிறவள் இல்லை.

ஹோலிஸ் உனக்குக் கோழி சூப் கொண்டுவந்தார். "விளையாட வர்ற புள்ளைக்கு நாங்க எதுவும் குடுக்கக் கூடாதும்மா. இதையும் விளையாட்டுச் சங்கத்துக்கு எழுதிக் குடுத்துடுவேன், அவங்க சும்மா காதைத் திருகி விட்டுடுவாங்க" என்றார்.

"நாங்க தும்மினாலும் எழுதுவீங்களா கோச்?" என்று சிரித்தேன்.

எழுதிவிட்டார். தேதி, மணி, நீ படுத்துக் கிடந்தது, எல்லாம்.

அதே காலைதான் உன் கல்லூரி நுழைவுத் தேர்வு. நான் பதறியபோது வென்டெல், "நீ சும்மா இரும்மா, அவ தேர்வு அது பாட்டுக்கு நடக்கும்" என்றான். நல்ல மதிப்பெண்ணும் வந்தது. உன் பெயரில் யார் உட்கார்ந்து எழுதினார்கள் என்று நான் கேட்கவில்லை, நீயும் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை விளையாட்டுச் சங்கத்து விசாரணைக்காரர் கோச் எழுதிய அந்தச் சூப் காகிதத்தோடு என்னைப் பார்க்க வருகிறார். தேதியைக் கேட்டால் எனக்குப் பொய் வராது. அதற்குள் நீயே போய்ச் சொல்லிவிடு. நீ சொன்னால் ஒரு வருஷம் ஆடாமல் உட்காரவைப்பார்கள். நான் சொன்னால் கல்லூரியை விட்டே அனுப்பிவிடுவார்கள்.

உன்னை மன்னித்துவிட்டேன். சூப்பை எழுதிய ஹோலிஸையும் மன்னித்துவிட்டேன். என் வயிற்றில் பிறந்த வென்டெலை மட்டும் மன்னிக்க மாட்டேன்.

உன் பாட்டி