வலது காதுப் பூ

கப்பலிலேயே அடைபட்டுக் கிடக்கும் என் பிள்ளைகளின் அப்பாவுக்கு,

எல்லோரும் நலம். கொரோனா வந்ததும் எங்களை வேலையை விட்டுத் துரத்திய ஓட்டல் நேற்று மறுபடி கூப்பிட்டது. வேலைக்கு இல்லை; "ஃபிஜிக்கு வாருங்கள்" என்ற விளம்பரப் படத்தில் பாடிச் சிரிக்க. கூலி, ஆளுக்கு ஒரு பை மாவு.

கல்யாணமானவள் என்று வலது காதில் வைத்திருந்த பூவை மேனேஜர் தன் கையாலேயே எடுத்து, கன்னிப்பெண்ணைப் போல என் இடது காதில் செருகினான். "இப்பப் பாரு, டூரிஸ்ட் எப்படி ஓடி வர்றான்னு!"

பக்கத்தில் நின்ற, என்னோடு வேலை பார்த்த லிட்டியானா, "உன் பொண்டாட்டி காதுல போய்ச் செருகுடா" என்றாள். அவளுக்கு மாவு இல்லை.

நான் சிரித்தேன்.

பிள்ளைகள் வயிறாரச் சாப்பிட்டார்கள். என் பங்கு ரொட்டியையும் அவர்களுக்கே கொடுத்துவிட்டேன்.

அந்தப் படம் உன் போனுக்கும் வரும். பார்க்காதே.

வலது காதில் பூ வைக்கும்
உன் மனைவி