மோட்டார் ஓடாத ராத்திரி

தை 15, வியாழன்

நல்ல பனி. தூளிக்கயிறு நைந்துவிட்டது, மாற்ற வேண்டும். பாப்பாவுக்கு எட்டு மாதம்.

நேற்று ராத்திரி ஐந்து தடவை எழுந்தாள். பாலும் வேண்டாம், தட்டினாலும் கேட்கவில்லை. கொல்லையில் மோட்டார் ஓடினால்தான் தூக்கம். அவர் பழக்கியது. கரண்ட் வந்ததும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு மோட்டார் கொட்டகைக்குப் போவார். வரும்போது தூங்கியிருக்கும்.

கார்த்திகையில் பைக்கில் போனவர் வரவில்லை. மோட்டார் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில் நானும் கண் மூடுவேன். தண்ணீருக்கு அடியில் படுத்திருப்பது போல இருக்கும்.

இப்போது கதிர் பழுத்துவிட்டது. வயலைக் காயப் போட்டு நான்கு நாள். மோட்டார் கிடையாது.

தை 16, வெள்ளி

அங்கன்வாடிக்கு நர்ஸம்மா வந்தார். சொன்னது:
தினமும் ஒரே நேரம் படுக்க வைக்கணும்.
சாயங்காலத் தூக்கம் கூடாது.
அசைந்தவுடன் தூக்கக் கூடாது. கொஞ்சம் பொறுக்கணும்.
பாடணும்.

“தாலாட்டு பாடுவீங்கல்ல?”

தலையை ஆட்டினேன். பொய்.

பக்கத்தில் செல்வி: “எம்பய சீரியல் பாட்டுக்குத்தான் தூங்குவான். வெளம்பரம் போட்டா முழிச்சுக்குவான், அவங்கப்பன மாரியே.” எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

கார்த்திகையில் ஒப்பாரிக்குத் திறந்த வாய். திரும்பத் திறந்தால் அதுதான் வரும். பிள்ளை தலைமாட்டில் அது ஆகாது. அதனால் பாடுவதில்லை.

தை 18, ஞாயிறு

தப்பு செய்துவிட்டேன்.

ராத்திரி மோட்டாரைப் போட்டேன். தண்ணீரை வாய்க்காலுக்குத்தான் திருப்பினேன். பாப்பா உடனே தூங்கினாள். நானும். கனவில் ஊரெல்லாம் தண்ணீர், நடுவில் தூளி. யாரோ ஆட்டினார்கள். கை மட்டும் தெரிந்தது.

விடிந்து கொழுந்தனார் சேகர் கத்திய சத்தத்தில்தான் எழுந்தேன். மடை உடைந்து தண்ணீர் முழுக்க வயலில். ஓரத்தில் நெல் சாய்ந்து கிடந்தது.

“அண்ணி! அறுக்கப்போற நெல்லுல யாராச்சும் தண்ணி வுடுவாங்களா? சனிக்கெழம மிஷினு வருது. எப்புடி எறங்கும்?”

“பாப்பா தூங்குச்சு தம்பி.”

தூளிப் பக்கம் பார்த்தார். பிறகு மண்வெட்டியை எடுத்து வடிகால் வெட்டப் போனார். மத்தியானம் மோட்டார் பீஸ்கட்டையைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

“கோச்சுக்காதீங்க அண்ணி. காயணும்.”

தை 20, செவ்வாய்

வெயில். வயல் இறுகுகிறது.

பாப்பா நான்கு தடவை. கண் எரிகிறது. சோற்றில் உப்புப் போட மறந்தேன்.

சேகர் வடிகால் பார்த்துவிட்டு வாசலில் நின்றார். காபி வேண்டாம் என்றார்.

“எனக்கும் தூக்கமில்ல அண்ணி. அந்த சத்தம் கேட்டா அண்ணன் அங்கனதான் நிக்குதுன்னு இருக்கும்.”

சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்.

தை 21, புதன்

எழுதிவைக்கிறேன், மறந்துவிடும்.

நேற்று எட்டு மணிக்கே தூளியில் போட்டேன். அழுதாள். பொறுத்தேன். இன்னும் அழுதாள். மோட்டார் மாதிரி ம்ம்ம் என்றேன். அழுகை நின்றது. அப்படியே ஆராரோ வந்துவிட்டது. இரண்டு வரிதான். மூன்றாவது வரியில், பயந்தபடியே, பாதியில் விட்டுப் போனீரே என்று வாய் மாறிவிட்டது. நிறுத்த முடியவில்லை.

பாப்பா என் வாயையே பார்த்தாள். அவளுக்கு ரெண்டும் ஒன்றுதான். விரலைப் பிடித்துக்கொண்டே தூங்கிவிட்டாள்.

அவள் தூங்கிய பிறகும் பாடினேன். தூளி நின்றதுகூடத் தெரியவில்லை.

ராத்திரி இரண்டு தடவைதான்.

தை 24, சனி

பனி. எதிர் மரம் தெரியவில்லை.

மணி ஏழு. ராத்திரி ஒரு தடவைகூட எழவில்லை. மூக்கருகே விரல் வைத்துப் பார்த்தேன். மூச்சு நன்றாக இருக்கிறது. இன்னும் தூங்குகிறாள்.

ரோட்டில் மிஷின் சத்தம். சேகரிடம் ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும், முதலில் தூரத்துக் கீழ்த்தலை வயலில் இறக்கட்டும், வீட்டோரம் கடைசியில்.