அலமாரிக் கதவின் உட்பக்கம்

மே 6

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம்தானே? உங்கள் போன் மூன்று நாளாக அணைந்தே கிடக்கிறது. காரணம் நேற்றுதான் புரிந்தது. விடுமுறைக்கு உங்களிடம் வந்திருந்த நம் வாலு, நீங்கள் வீடு முழுக்க ஒட்டிவைத்திருக்கும் குறிப்புச் சீட்டுகளைப் படம்பிடித்து, "எங்க தாத்தா வீட்டுச் சுவர் பேசும்" என்று இணையத்தில் போட்டிருக்கிறாள். நாற்பதாயிரம் பேர் பார்த்திருக்கிறார்கள். என் அலுவலகத்துப் பெண் ஒருத்தி, "உங்க பொண்ணு வீடியோ பாத்தேன்க்கா, உங்க அப்பா செம!" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வாசல் கதவு எண், உங்கள் போன் எண், மாற்றுச் சாவி எந்தத் தொட்டிக்கு அடியில் இருக்கிறது என்பது வரை அதில் இருக்கிறது. உடனே நீக்கச் செய்தேன்.

யாரைப் படம் எடுத்தாலும் அவரைக் கேட்காமல் போடக்கூடாது என்பது இந்த வீட்டுச் சட்டம். "தாத்தாகிட்ட கேட்டுட்டுத்தாம்மா போட்டேன்" என்று சாதிக்கிறாள். கேட்டாளா அப்பா? முதலில் அந்தச் சாவியை இடம் மாற்றுங்கள்.

உங்கள் மகள்

மே 11

அன்பு மகளுக்கு,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். போன் விஷயம் இதுதான். யாரோ ஒரு பையன், "தாத்தா, அடுப்ப அணைச்சீங்களா?" என்று கேட்டான். முன்பின் தெரியாதவனுக்கு இவ்வளவு அக்கறையா என்று எழுந்து போய்ப் பார்த்து, "அணைச்சாச்சு தம்பி, ரொம்ப நன்றி" என்றேன். பின்னால் ஒரு கூட்டமே சிரித்தது. அடுப்புக்கு மேல் நான் ஒட்டியிருந்த சீட்டை வீடியோவில் பார்த்திருக்கிறார்கள். பதினேழாவது அழைப்புக்குப் பிறகு போனை அணைத்துவிட்டேன். சாவியை மாற்றிவிட்டேன். எங்கே என்று இதில் எழுதவில்லை. கடிதம் யார் கையில் அகப்படுமோ.

சீட்டு எழுதுவது பழைய பழக்கம். மருத்துவமனை ஆவண அறையில் முப்பத்தாறு வருடம் கோப்புகளுக்குச் சீட்டு ஒட்டிய கை. யாருக்கு என்ன நோய் என்று உன் அம்மாவிடம்கூட மூச்சு விட்டதில்லை. அப்படிப்பட்ட நான் என் வீட்டைத் திறந்து காட்டச் சம்மதித்திருப்பேனா? வாலு கேட்டதாக எனக்கு நினைவில்லை. அவள் பொய் சொல்கிறாள் என்று சொல்லவில்லை. நினைவில்லை என்று மட்டும்தான் சொல்கிறேன். இந்த வரியை நான்கு முறை அடித்து எழுதினேன். இப்போதும் சரியாக வந்திருக்கிறதா என்று தெரியவில்லை.

குழந்தையைக் கடிந்துகொள்ளாதே.

அப்பா

மே 16

அன்புள்ள அப்பாவுக்கு,

நீங்கள் எவ்வளவு மெதுவாகச் சொன்னாலும் எனக்குப் புரிகிறது. என் மூன்றாம் வகுப்பு டீச்சரின் வீட்டு எண்ணை இன்றும் சொல்கிறவர் நீங்கள். நீங்கள் நினைவில்லை என்றால், அப்படி ஒன்று நடக்கவில்லை. படம் போட்டதைக்கூட மன்னித்துவிடுவேன், பொய்யை எப்படி மன்னிப்பது?

போனை வாங்கி வைத்துவிட்டேன். "அப்போ தாத்தா பொய் சொல்றாராடி?" என்று கேட்டேன். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு, "ஒண்ணுமில்ல. நான் கேக்கலன்னே வெச்சுக்கோ" என்று கதவைச் சாத்திக்கொண்டாள். அன்றிலிருந்து என்னிடம் பேச்சில்லை. தட்டைத் தூக்கிக்கொண்டு அறைக்குப் போய்விடுகிறாள். அடுத்த விடுமுறைக்கு அவளை உங்களிடம் அனுப்புவதாக இல்லை.

உங்கள் மகள்

மே 23

அன்பு மகளுக்கு,

இத்துடன் இரண்டு சீட்டுகள் வைத்திருக்கிறேன். முதலாவது என் கண்ணாடிக் கூட்டுக்குள் மடிந்து கிடந்தது. என் கையெழுத்துதான், தேதியும் நேரமும்கூடப் போட்டிருக்கிறேன்: "வாலு கேட்டாள், படம் எடுத்துப் போடலாமா என்று. சரி என்றேன். மருந்து அலமாரிக் கதவின் உட்பக்கச் சீட்டை முதலில் கிழித்துவிட வேண்டும்."

இதை எழுதியது எனக்கு இப்போதும் நினைவில்லை.

அலமாரியைத் திறந்தேன். உட்பக்கம் பசைத் தடம் மட்டும் இருந்தது. சீட்டு மாத்திரை டப்பாவுக்கு அடியில் இருந்தது. அதுதான் இரண்டாவது: "வியாழன் காலை பத்து. மறதி டாக்டர். மகளுக்குத் தெரியக்கூடாது." மூன்று மாதமாகப் போய்க்கொண்டிருக்கிறேன். தெரியக்கூடாது என்பதையே மறந்துவிடுவேனோ என்று எழுதி ஒட்டியிருக்கிறேன். இப்படி ஒரு முட்டாள்தனத்தை என்னைத் தவிர யார் செய்வார்கள்?

அந்தச் சீட்டின் பின்புறத்தைப் பார். வாலுவின் கையெழுத்து: "தாத்தா, இத நான் எடுத்துட்டேன். வீடியோல வரல. யார்கிட்டயும் சொல்ல மாட்டேன், அம்மாகிட்டகூட."

என் மறதியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நீ அவளை நம்பியிருப்பாய். அவள் சொல்லவில்லை. சாவி, போன் எண் எல்லாம் விளையாட்டுப் புத்தியில் போட்டுவிட்டாள், நிஜம்தான். ஆனால் எது வெளியே போகக்கூடாது என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. ஆவண அறையில் என் கீழே வேலை பார்த்த பெரியவர்களிடம்கூட அப்படி ஒரு வாய்ப்பூட்டை நான் கண்டதில்லை.

இரண்டு சீட்டையும் கிழித்துப் போட்டுவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். தெரிந்தால் நீ என்னை இந்த வீட்டில் தனியாக விடமாட்டாய் என்ற பயம். அதைப் பிறகு பேசிக்கொள்ளலாம். வாலுவிடம் போனைக் கொடுத்துவிடு. அவளிடம் மன்னிப்புக் கேள். எனக்கும் சேர்த்துக் கேள். முடிந்தால் இருவரும் புறப்பட்டு வாருங்கள், வியாழன் என்னோடு வரலாம்.

மறந்துபோய் மறுபடி உன்னிடம் மறைக்கத் தொடங்கிவிடக் கூடாதே என்று, அலமாரிக் கதவின் உட்பக்கம் புதிய சீட்டு ஒன்று ஒட்டியிருக்கிறேன்: "மகளுக்குத் தெரியும்."

அப்பா